இரவல் துடிப்பு: டாக்டர் வால்ட்டன் லில்லஹை வாழ்க்கை

அருள்புரத்தில் மின்சாரம் போவதை அறிய விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை. பல்லடம் சாலையின் இருபுறமும் ஓடிக்கொண்டிருக்கும் பவர் டேபிள்களின் ஓசை ஒரே கணத்தில் அடங்கிவிடும். சற்று நேரத்தில் கம்பெனிக்குக் கம்பெனி ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மௌனத்தில், பாதி தைத்த பனியன் ஊசிக்கடியில் அப்படியே நிற்கும். என் பெரியம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்து அந்த மௌனத்தைக் கேட்டுப் பழகியவர்.

ஆகவேதான், கோவையில் ஒரு மருத்துவமனையில் இதய வால்வு மாற்றும் அறுவை முடிந்து கண்விழித்த பின், அவர் என்னிடம் முதலில் கேட்டது தம் வலியைப் பற்றி அன்று. விலா எலும்புக் கூட்டுக்குச் சற்றுக் கீழே, தோலைத் துளைத்துக்கொண்டு மெல்லிய கம்பிகள் சில வெளியே வந்திருந்தன. அவை கட்டில் ஓரத்தில் தொங்கிய ஒரு சிறு பெட்டியுடன் இணைக்கப்பட்டிருந்தன. பெட்டியில் ஒரு விளக்கு விட்டு விட்டு மின்னிற்று. அவருடைய இதயம் தானாகத் துடிக்கத் தயங்குவதால் சில நாட்களுக்கு இந்தப் பெட்டிதான் துடிக்க வைக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கரண்ட் போனால் இது என்ன ஆகும் என்பதே பெரியம்மாவின் கேள்வி.

நான் இயற்பியல் மாணவன். ஆயினும் விடை தெரியாமல் விழித்தேன். பணியிலிருந்த செவிலியர், மாற்றுக்கென வைத்திருந்த ஒரு பாட்டரியை எடுத்துக் காட்டினார். கடையில் நாம் வாங்கும் அதே 9 வோல்ட் பாட்டரி! பெரியம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை. ஊர் திரும்பிய பின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரியம்மா கேட்ட அதே கேள்வியை 1957ஆம் ஆண்டில், ஒரு குழந்தையின் மரணத்தை ஒட்டி, அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதை அப்போது அறிந்தேன். அவர் வாழ்க்கையை நம் மலரில் எழுத வேண்டும் என்னும் ஆசை அன்று பிறந்தது.

கிளாரன்ஸ் வால்ட்டன் லில்லஹை 1918ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மின்னியாபோலிஸ் நகரில் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற லில்லஹை, இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிப் பதக்கமும் பெற்றார். போர் முடிந்ததும் தம் பல்கலைக்கழகத்திற்கே திரும்பி, அறுவைத் துறைத் தலைவர் ஓவன் வாங்கன்ஸ்டீனிடம் பயிற்சி பெற்றார். இளைஞர்களை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பி, அவர்களுடைய துணிச்சலான கருத்துகளுக்கு இடம் கொடுத்த பெரிய ஆசிரியர் வாங்கன்ஸ்டீன். அத்தகைய ஆசிரியர் வாய்த்திராவிட்டால் லில்லஹையின் வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

பயிற்சி முடியும் தறுவாயில் இடி விழுந்தது. காதருகே இருந்த ஒரு கட்டி, நிணநீர்ச் சுரப்பியைச் சார்ந்த புற்றுநோய் எனத் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 31. 1950இல் அவருடைய ஆசிரியரும் நண்பர்களுமே சேர்ந்து, பத்து மணி நேரத்திற்கும் மேலாக, முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அறுவை செய்து நோயை அகற்றினர். கழுத்தின் ஒருபக்கத் தசைகள் போயின. தலை சற்றே சாய்ந்த தோற்றம் வாழ்நாள் முழுவதும் நின்றுவிட்டது. சாவின் வாயிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மனிதர் அவர். பிற்காலத்தில் அவர் காட்டிய அச்சமின்மைக்கு இதுவே காரணம் என்று பலர் கருதினர். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

அந்நாளில் இதயத்தைத் திறந்து உள்ளே தைப்பது என்பது ஏறத்தாழக் கனவு. 1952ஆம் ஆண்டு செப்டம்பரில் லில்லஹையின் நண்பர் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர்வித்து, சில நிமிடங்களுக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்தின் மேலறைத் துளையை அடைத்தார். லில்லஹையும் அந்த அரங்கில் உடனிருந்தார். ஆனால் குளிர்விக்கும் முறை தந்த நேரம் மிகக் குறைவு. 1953 மே மாதம் பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய நுரையீரல் எந்திரத்தைக் கொண்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அடுத்தடுத்து வந்த தோல்விகளால் மனமுடைந்து, அவரே அம்முயற்சியைக் கைவிட்டார்.

லில்லஹை வேறு வழி கண்டார். தாயின் வயிற்றிலுள்ள சிசு தாயின் இரத்தத்தால் வாழ்கிறதே. அதுபோல, அறுவை நடக்கும் நேரத்தில் குழந்தையின் இரத்தத்தைத் தந்தையின் அல்லது தாயின் உடல் வழியே செலுத்தித் தூய்மை செய்து திருப்பி அனுப்பினால் என்ன? 1954 மார்ச் 26ஆம் நாள், பதின்மூன்று மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு, பக்கத்து மேசையில் படுத்திருந்த தந்தையின் துணையுடன் இதயத்தின் கீழறைத் துளையை அடைத்தார். அறுவை வென்றது. ஆனால் பதினோராம் நாள் நுரையீரல் அழற்சியால் குழந்தை இறந்தது. அவர் நிறுத்தவில்லை. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 45 பேருக்கு இம்முறையில் அறுவை செய்தார். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். இரத்தம் தந்தவர்களில் எவரும் இறக்கவில்லை எனினும், ஒரு தாய் கடுமையாகப் பாதிக்கப்பட்டார். ஒரே அறுவையில் இரண்டு உயிர் போகக்கூடும் என்று பிற மருத்துவர்கள் கண்டித்தது பொய்யன்று. 1955இல் அவரும் இளம் மருத்துவர் ரிச்சர்ட் டிவாலும் சேர்ந்து, குழாய்களைக் கொண்டு எளிமையாக அமைந்த குமிழி எந்திரம் ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பின், பெற்றோரைப் படுக்க வைக்கும் தேவை ஒழிந்தது.

இனித்தான் நம் பெட்டியின் கதை வருகிறது.

நம் இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறு திசுமுடிச்சு இருக்கிறது. அங்கே பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு முடிச்சை அடைந்து, அங்கிருந்து ஒரு மெல்லிய கற்றை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. அதைக் கண்டுரைத்தவர் பெயரால் ஹிஸ் கற்றை என்பர். இந்தக் கற்றை கீழறைத் துளையின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறது. கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தசையைப் போலவே இருக்கும். துளையை அடைக்க விளிம்பில் ஊசி குத்தும்போது, நூல் அந்தக் கற்றையைக் கவ்விவிட்டால் போதும்: மேலறையின் கட்டளை கீழறைக்கு எட்டாது. கீழறை தன் போக்கில் நிமிடத்திற்கு முப்பது, நாற்பது முறை தளர்ந்து துடிக்கும். சில வேளை நின்றேவிடும். துளை அழகாக அடைபட்டிருக்கும், குழந்தை இறந்துவிடும்.

தையல் தெரிந்த நம் ஊராருக்கு இதன் கொடுமை எளிதில் விளங்கும். ஒரு தையல், ஒரே ஒரு தையல், அரை நூல் அளவு தள்ளி விழுந்துவிட்டது. பிரித்துத் தைக்க வழியில்லை. தொடக்க நாட்களில் இவ்வாறு முழு அடைப்பு ஏற்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ அனைவருமே மாண்டனர். ஐசோபுரோடெரினால் என்னும் மருந்து வந்தபின் சிலர் பிழைத்தனர். பாஸ்டன் நகரின் பால் சோல் 1952இலேயே மார்பின்மேல் மின்தகடு வைத்துத் துடிக்க வைக்கும் முறையைக் கண்டிருந்தார். ஆனால் தோலையும் எலும்பையும் கடந்து இதயத்தை எட்ட 50 முதல் 150 வோல்ட் வரை தேவைப்பட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அதிர்ச்சி! மார்புத் தசைகள் துள்ளும், தோல் புண்ணாகும். பச்சிளங் குழந்தைகளை நாட்கணக்கில் இதற்கு ஆளாக்க எந்த மனம் துணியும்?

இங்கே லில்லஹையின் ஒரு பண்பைக் குறிப்பிட வேண்டும். மின்னசோட்டாவில் இறந்த நோயாளிகளைப் பற்றியும் தவறிய அறுவைகளைப் பற்றியும் மருத்துவர்கள் கூடிப் பேசுவது வழக்கம். தம் ஊசியால் நேர்ந்த கேட்டை அவர் அங்கே மறைக்கவில்லை. அத்தகைய கூட்டம் ஒன்றில் அமர்ந்திருந்த உடலியங்கியல் பேராசிரியர் ஜான் ஜான்சன், ஆய்வுக்கூடத்தில் தசைகளைத் தூண்டப் பயன்படும் மின்தூண்டி ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து ஒரு கம்பியை நேரே இதயத் தசையில் பொருத்திப் பார்க்கலாமே என்று யோசனை கூறினார். அறுவை மருத்துவர் அல்லாத ஒருவரின் யோசனை! லில்லஹை அதை அலட்சியம் செய்யவில்லை. அவருடைய குழுவைச் சேர்ந்த வின்சென்ட் காட், வில்லியம் வைரிக் ஆகியோர் நாய்களிடம் சோதித்தனர். தசையிலேயே கம்பி பதிந்திருந்ததால், சிறிதளவு வோல்ட்டே போதுமானதாக இருந்தது. பெரிய அதிர்ச்சி தேவையில்லை. மெல்லத் தட்டினாலே இதயம் திறந்தது.

1957 ஜனவரி 30ஆம் நாள், நீலம் பாய்ந்த பிறவி இதயநோயுடன் வந்த மூன்று வயதுச் சிறுமிக்கு அறுவை நடந்தது. அடைப்பு ஏற்பட்டது. உறையிட்ட எஃகுக் கம்பியின் ஒரு முனையை வலது கீழறைத் தசையில் பொருத்தி, மறுமுனையைத் தோல் வழியே வெளியே எடுத்து, தூண்டியுடன் இணைத்தனர். துடிப்பு எழுந்தது. சிறுமி பிழைத்தாள். கம்பி நிரந்தரமாக இருப்பதற்கன்று. வீக்கம் வற்றி, காயம் ஆறி, இதயம் தன் வழியைத் தானே மீண்டும் கண்டுகொள்ளும் வரைக்குமான இரவல் துடிப்பு அது. வேலை முடிந்ததும் மெல்ல இழுத்தால் வந்துவிடும். மறுபடி மார்பைத் திறக்க வேண்டியதில்லை.

ஒரு குறை இருந்தது. தூண்டி பெரிய பெட்டி. சுவரிலுள்ள மின்செருகியை நம்பி ஓடியது. குழந்தையை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோக வேண்டுமானால், வழிநெடுக நீட்டுக் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டு செல்ல வேண்டும். எழுந்து விளையாடும் அளவுக்குத் தேறிய பிள்ளைகளும் சுவரோடு கட்டப்பட்டுக் கிடந்தனர்.

1957 அக்டோபர் 31 அன்று மின்னியாபோலிஸ் பகுதியில் மின்சாரம் தடைப்பட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருள். அறுவை அரங்குகளுக்கு மாற்று மின்சாரம் இருந்தது. நோயாளிகள் படுத்திருந்த அறைகளுக்கு இல்லை. அன்று ஒரு குழந்தை இறந்ததாக, பின்னர் இக்கதையில் பங்கு பெற்ற ஏர்ல் பாக்கன் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளார். இதைப் படித்தபோது எங்கள் தெருவின் அந்த இடைப்பட்ட மௌனம் என் காதில் கேட்டது. ஜெனரேட்டர் எழும் வரை பனியன் காத்திருக்கும். இதயம் காத்திருக்குமா?

லில்லஹை பாக்கனை அழைத்தார். மருத்துவமனையின் மின்கருவிகளைப் பழுதுபார்க்க வந்துபோகும் இளைஞர் பாக்கன். 1949இல் மைத்துனருடன் சேர்ந்து, வீட்டுக் கார் கொட்டகையில் மெட்ரானிக் என்று பெயரிட்டு ஒரு பழுதுபார்ப்புக் கடை வைத்தவர். முதல் மாத வருமானம் எட்டு டாலர்! மின்சாரம் போனாலும் நிற்காத தூண்டி ஒன்று வேண்டும் என்று லில்லஹை கேட்டார். கார் பாட்டரியை வைத்துச் செய்யலாமா என்று பாக்கன் முதலில் எண்ணினார். பிறகு, இத்துணைச் சிறிய வோல்ட்டுக்கு அவ்வளவு பெரிய பாட்டரி எதற்கு என்று தோன்றியது. 1956இல் வெளியான ஒரு மின்னணு இதழில், இசை பயில்வோர் தாளம் தவறாதிருக்கப் பயன்படுத்தும் மெட்ரோனோம் கருவிக்கு டிரான்சிஸ்டர் சுற்று ஒன்று வந்திருந்தது அவர் நினைவுக்கு வந்தது. தாளம் தட்டுவதும் இதயம் துடிக்க வைப்பதும் மின்சுற்றின் கணக்கில் ஒன்றுதானே! இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு சிறு பாதரச பாட்டரி, நான்கு அங்குலச் சதுர அலுமினியப் பெட்டி. நான்கே வாரத்தில் கருவி தயாராயிற்று. நம் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரைக் கையில் எடுக்கும் மாணவ நண்பர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பாக்கன் அதை நாயிடம் சோதிப்பதற்காகவே விலங்கு ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்தார். சோதனையும் நடந்தது. மறுநாள் மருத்துவமனைக்கு வந்தவர் திகைத்து நின்றார். அந்தப் பெட்டி ஒரு குழந்தையின் இதயத்துடன் இணைக்கப்பட்டு, அதைத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தது! இன்னும் செப்பனிட வேண்டிய மாதிரிக் கருவி அது. ஆனால் அதைவிட நல்ல கருவிக்காகக் காத்திருந்து ஒரு பிள்ளையை இழக்க லில்லஹைக்கு மனமில்லை.

இது சரியா? இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு இசையாது. நேற்று நாயிடம் பார்த்ததை இன்று குழந்தையிடம் பொருத்துவது கண்மூடித் துணிச்சல் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் வாதிட்டார். அவரை மறுக்க என்னால் இயலவில்லை. ஆனால் மின்செருகியிலேயே விட்டுவைத்திருந்தால், அதுவும் ஒரு தேர்வுதானே? மற்றொரு இரவில் மின்சாரம் போயிருந்தால்? பெற்றோரை மேசையில் படுக்க வைத்த 1954ஆம் ஆண்டு முதல் இந்தக் கேள்வி லில்லஹையை விடாமல் தொடர்ந்தது. பிழைத்தவர்களின் பெற்றோர் அவரைத் தெய்வமாகக் கண்டனர். பிழைக்காதவர்களின் பெற்றோர் எவ்வாறு கண்டனரோ? இரு பக்கமும் நின்று பார்த்தேன். ஒரு பக்கத்தில் உறுதியாக நிற்க இன்னும் முடியவில்லை.

பெட்டி மட்டும் நின்றுவிட்டது. 1958இல் மெட்ரானிக் அதைச் செம்மைப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் பெட்டியில் துருத்திக்கொண்டிருந்த குமிழ்களைக் குறும்புப் பிள்ளைகள் திருகிப் பார்த்ததால், பின்னர் அவற்றை உள்ளே பதித்து அமைத்தனராம். கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வார்டில் நடமாடினர். 1958 அக்டோபரில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் உடலுக்குள்ளேயே வைக்கும் பேஸ்மேக்கரும் பொருத்தப்பட்டது. அது தனிக் கதை.

லில்லஹையிடம் பயின்றோர் உலகெங்கும் பரவினர். 1967இல் கேப் டவுனில் முதன்முதலாக மனித இதய மாற்று அறுவை செய்த கிறிஸ்டியன் பர்னார்ட், அத்துறையை ஆய்வால் வளர்த்த நார்மன் ஷம்வே இருவரும் மின்னசோட்டாவில் பயிற்சி பெற்றவர்களே. நம் நாட்டிலும் 1960களின் தொடக்கத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நடந்தது. 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இதயத் தமனி மாற்றுவழி அறுவையை நிகழ்த்தினார்.

புகழின் உச்சியிலிருந்த லில்லஹையின் பிற்கால வாழ்வு இனிமையாக அமையவில்லை. 1967இல் நியூயார்க் சென்றார். ஆடம்பரமும் விருந்துகளும் விரும்பியவர், அங்குள்ளோருடன் ஒத்துப்போகவில்லை, தலைமைப் பதவியை இழந்தார். கணக்குவழக்கில் அவர் காட்டிய அசட்டை கடைசியில் நீதிமன்றம் வரை இழுத்தது. 1973இல் வருமான வரி ஏய்ப்புக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். 50,000 டாலர் அபராதமும் சமூகத் தொண்டும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டோடு அறுவைக் கத்தியையும் கீழே வைத்தார். அறுவையில் ஒவ்வொரு தையலுக்கும் கணக்குச் சொன்னவர், பணத்திற்குக் கணக்குச் சொல்லத் தவறியது வியப்பே. இதை மறைத்து எழுதினால் அவர் வாழ்க்கை வரலாறு ஆகாது. பிற்காலத்தில் செயற்கை வால்வு தயாரிக்கும் நிறுவனமொன்றில் மருத்துவ இயக்குநராகப் பணியாற்றினார். மருத்துவ உலகமும் மெல்ல மெல்ல அவரை மீண்டும் மதித்தது. 1999 ஜூலை 5ஆம் நாள் காலமானார். புற்றுநோய் அறுவைக்குப் பின் 49 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கோவை மருத்துவமனையில் பெரியம்மாவின் கட்டிலருகே நான் கண்டதும் அதே கம்பி, அதே பெட்டிதான், செம்மை கூடியிருக்கிறது. அறுவை முடிந்து மார்பை மூடுமுன், கீழறையின் மேற்பரப்பிலும் தேவைக்கேற்ப மேலறையிலும் மெல்லிய கம்பிகளைத் தைத்துவிடுகின்றனர். வழக்கமாக, மேலறைக் கம்பி நெஞ்செலும்பின் வலப்புறமும் கீழறைக் கம்பி இடப்புறமும் வெளிவரும். பார்த்த மாத்திரத்தில் எது எதுவென அறியலாம். எத்தனை துடிப்பு, எத்தனை மில்லியாம்பியர் என்று பெட்டியில் குமிழைத் திருப்பி வைக்கலாம். இதயம் தானே துடித்தால் பெட்டி அதை உணர்ந்து வாளாவிருக்கும். துடிக்கத் தவறினால் மட்டும் தட்டும். நாள்தோறும் மின்னளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எந்த அளவுக்குக் கீழே இதயம் செவிசாய்க்கவில்லை என்று சோதிக்கின்றனர். நாளாக நாளாகக் கம்பி முனையைச் சுற்றித் திசு மாறி, கூடுதல் மின்சாரம் தேவைப்படுவதுண்டு. ஒரு வாரம் அளவில் சொந்தத் துடிப்பு திரும்பாவிட்டால், நிரந்தர பேஸ்மேக்கர் பற்றி யோசிப்பர்.

பெரியம்மாவுக்கு அந்தத் தேவை வரவில்லை. காலைதோறும் மருத்துவர் பெட்டியின் வேகத்தைக் குறைத்து, திரையைப் பார்த்தபடி நிற்பார். முதல் நாட்களில் கோடு தயங்கித் தயங்கி வந்தது. உடனே வேகத்தைக் கூட்டிவிடுவார். ஐந்தாம் நாள் குறைத்தபோது கோடு தயங்கவில்லை. அதற்கடுத்த நாள் கம்பிகளை இழுத்தெடுத்தனர். சுருக்கென்றது, அவ்வளவுதான் என்று பெரியம்மா பிறகு சொன்னார். உள்ளே இரத்தம் கசிகிறதா என்று சில மணி நேரம் படுக்கையிலேயே வைத்துக் கண்காணித்தனர். அதற்குள் செவிலியர் பெட்டியைத் துடைத்து, புதிய பாட்டரி போட்டு, அன்று காலை அறுவை முடிந்து வந்த அடுத்த கட்டில்காரரிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டார்.